ரிச்சாக ஓடியும் தட்டிய இன்ஜின்

இன்ஜினோடு இணைத்த ஹெட்போனில் அந்தச் சத்தம் விழுந்ததும் "காலை எடு" என்றேன். நித்யா ஆக்ஸிலேட்டரை விட்டாள். டர்போ சீறி அடங்கியது. பக்கத்து சீட்டில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜின் தட்டுகிறது, அதை நாக் என்போம். பிளக் பற்றவைத்து எரிய வேண்டிய கலவை, சிலிண்டருக்குள் தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது. டர்போ முழு பூஸ்ட்டில், அதாவது முழு அழுத்தத்தில் காற்றை உள்ளே தள்ளும்போது, தொடர்ந்து அடி விழுந்தால் பிஸ்டன் காலி.

இடம் செய்யூர் பக்கம், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட். நம்பர் கல் நிற்கும், வீடு இருக்காது. அதன் மெயின் ரோட்டை ஒரு ரேஸ் டீம் வாடகைக்கு எடுத்து, தங்களுக்கு ஒரு டிரைவரைத் தேர்வு செய்துகொண்டிருந்தது. அவரவர் வண்டி, ஆளுக்கு ஒரே ரன். நித்யா படூரில் என் பட்டறையில் லீவு நாளெல்லாம் கிடந்து, தன் கையால் கட்டிய இன்ஜின் அது. உடைந்தால் இன்னொன்று கட்ட வழியில்லை. அன்றைக்கு அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், இன்ஜினும் பிழைக்க வேண்டும்.

புதிதாக இந்த டியூனிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி ஓடுவது எண்பத்தைந்து சதவீத எத்தனாலில். பெட்ரோலைவிட அதை இன்ஜெக்டர் நிறைய ஊற்ற வேண்டும், இல்லையென்றால் காற்றுக்கு ஈடுகொடுக்காது. பதிலுக்கு அது உள்ளே குளிர்ச்சி தரும், லேசில் நாக் ஆகாது. அதனால் டைமிங்கை, அதாவது பிளக் பற்றவைக்கும் நேரத்தை, தைரியமாக முன்னால் தள்ளலாம். பவர் அங்கேதான் வருகிறது.

எரிபொருள் குறைந்து லீன் ஆனால் இன்ஜின் தட்டும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். புகையை அளக்கும் என் மீட்டரோ ரிச் என்று காட்டியது. எரிபொருள் கூடிப்போய், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ தானாக அதைக் குறைத்துக்கொண்டே இருந்தது. அப்படியும் தட்டுகிறது. மீட்டர்தான் பொய் சொல்கிறதோ என்று சென்ஸாரை மாற்றினேன். அதே கதை. முதல் நாள் பட்டறையில் வெண்ணெய் மாதிரி ஓடிய வண்டி, ராத்திரியில் பேய் பிடித்துவிட்டதா என்ன?

டீம் ஆள் வந்து நின்றார். "சார், உங்களுக்கு முன்னாடி மூணு வண்டிதான் கீது. ரெடியா இல்லன்னா அடுத்த ஆளக் கூப்டுவோம்."

"கூப்பிட்டுக்கங்க, நாங்க என்ன பல்லாங்குழியா ஆடுறோம்?" என்று எரிந்து விழுந்தேன். நித்யா என் கையைப் பிடித்தாள்.

வேறு வழியில்லாமல் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, மேலே அந்த எரிபொருளை ஊற்றி, மூடிக் குலுக்கினேன். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், பெட்ரோல் மட்டும் மேலே தனியாக நிற்கும். மேலே மெல்லிசாக நிற்க வேண்டிய பெட்ரோல், பாதிக்குப் பாதி நின்றது.

"யாரு இதுல பெட்ரோல் போட்டது?"

நித்யாவின் அப்பா முருகையன் இளநீரோடு வந்துகொண்டிருந்தார். லாரி வைத்து ஓட்டுகிறவர். காலையில் வண்டியைப் படூரிலிருந்து ஓட்டி வந்தவரும் அவர்தான்.

"நான்தான் தம்பி, நம்ம ராசி பங்க்ல ரொப்பிகினு வந்தேன். செங்கல்பட்டு பைபாஸ்ல. என் எல்லா லாரிக்கும் மொத டீசல் அங்கதான். ஒண்ணுகூட வழியில நின்னதில்ல. பாப்பாவுக்கு இன்னிக்கு முக்கியமான நாளு ஆச்சே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அண்ணாத்த, ராசின்னு போட்டு இன்ஜினையே கொல்லப் பாத்தீங்களே" என்று கத்திவிட்டேன். எத்தனாலுக்கு என்று ஈசியூவில் எழுதிய மேப்பில், அதாவது எரிபொருள், டைமிங் கணக்கில், பெட்ரோல் கலந்தால் ரிச் ஆகும். எத்தனாலுக்கு முன்னால் தள்ளிய டைமிங்கைப் பெட்ரோல் தாங்காது, தட்டும். புதிர் அவிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவர் இளநீரைத் தரையில் வைத்தார். "நானே நாசம் பண்ணிட்டனா?" என்றார் மகளைப் பார்த்து. பாவமாகத்தான் இருந்தது.

"அப்புறம் பேசிக்கலாம் நைனா," என்றாள் நித்யா. என் பக்கம் திரும்பி, "இப்ப இன்னா பண்லாம்ணா?"

எத்தனால் டிரம் படூரில் இருக்கிறது. போய் வர நேரமில்லை. டேங்கில் இருப்பதற்கே புது மேப் எழுத வேண்டும். எரிபொருளைக் குறைத்தேன், பூஸ்ட்டை இறக்கினேன், டைமிங்கை நன்றாகப் பின்னால் இழுத்தேன். பக்க ரோட்டில் ஒரு ஓட்டம். ஹெட்போனில் சத்தமில்லை. ஒரு டிகிரி முன்னால் தள்ளினேன், இன்னொரு டிகிரி தள்ளினேன். டொக் என்றது. உடனே ஒன்றைக் குறைத்து சேவ் செய்தேன்.

"இதுக்கு மேல கேக்காத. இது ஜெயிக்கிற மேப் இல்ல. தட்டினா டேஷ்ல சிவப்பு லைட் எரியும், எரிஞ்சா காலை எடுத்துடணும்."

"பழைய மேப் போட்டா?"

"ஜெயிக்கலாம். கோட்டுக்கு முன்னாடியே பிஸ்டன் உருகவும் உருகலாம்."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீம் ஆள் விசில் ஊதினார். "புதுசே இருக்கட்டும்," என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.

கொடி இறங்கியது. முருகையன் கண்ணை மூடிக்கொண்டு என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். முக்கால் தூரத்தில் டர்போ சத்தம் சட்டென்று தாழ்ந்தது. லைட் எரிந்திருக்கிறது, காலை எடுத்திருக்கிறாள். மறுபடி அழுத்தி முடித்தாள். இடம் வேறொருவருக்குப் போனது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன்கள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. நித்யா அப்போதுதான் அழுதாள்.

அதே பிஸ்டன்களோடு அடுத்த தேர்வுக்குப் போனோம். அன்று காலை முருகையன் பட்டறைக்கு வந்து, சீல் உடைக்காத எத்தனால் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன்.

"ராசி பங்க் வரைக்கும் போய் அந்த பம்ப்பு பக்கத்துல ஒரு நிமிசம் வெச்சிட்டு வந்துட்றேன் தம்பி. ஒரு சொட்டுகூடக் கலக்க மாட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. அவர் கொண்டுவந்த கேனைத்தான் டேங்கில் ஊற்றினேன். அன்று டீம் கூப்பிட்ட பெயர் நித்யா.

மேப் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வண்டிமேல் பிரியம் வைத்திருப்பவர்கள் அதற்கு என்னென்ன செய்வார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும். எந்த வண்டி வந்தாலும் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் இப்போது ஒன்று கேட்கிறேன்: "உங்க வீட்டுக்கு ராசியான பங்க் எது?"