அரணாக்கயிறு கட்டிய வீடு

வடக்கே குவெட்டாவில் பூகம்பம் வந்த மறு வருஷம், என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் எங்கள் ஊரான கோம்பையில் வீடு கட்ட ஆரம்பித்தார். குவெட்டாவில் பட்டாளத்துக்குச் சமையல் செய்துகொண்டிருந்தவர் அவர். கூடவே வேலைக்குப் போன தம்பி அந்தப் பூகம்பத்தில் இறந்துபோக, இவர் மட்டும் ஊர் திரும்பினார். பருப்புக்கு உப்புப் போடத் தெரிந்தவருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் காதில் போட்டுக்கொள்கிற ரகம் இல்லை அவர்.

எனக்கு ஆசையெல்லாம் மச்சு வீட்டின் மேல். கம்பத்தில் என் தங்கை மாடியில் நின்றுகொண்டுதான் தெருவில் போகிறவர்களிடம் பேசுவாள். அந்தப் பெருமை எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் மச்சு என்று வாயைத் திறந்ததுமே இவர், மேலே இருப்பதெல்லாம் ஒருநாள் தலையில்தான் விழும் என்று முடித்துவிட்டார். ஓடுகூடக் கனமாம். கீற்றுக் கூரைதானாம். இத்தனை காலம் அசையாத மலை, இவர் வீடு கட்டட்டும் என்றா காத்திருக்கிறது என்று ஊரே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கடைக்கால் தரைக்கு மேலே வந்ததும், அதன் மேல் சுற்றிலும் பனஞ்சட்டம் பதிக்கச் சொன்னார். கூரைக்குக் கீழே இன்னொரு சுற்று வருமாம். மூலைக்கு மூலை கோத்துப் பூட்டிவிட்டால் நான்கு சுவரும் பிரியாமல் சேர்ந்தே ஆடுமாம். சுவருக்கும் இடுப்பில் அரணாக்கயிறு கட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் கொத்தனார். ஆனாலும் சொன்னபடி செய்தார்.

வம்பு வந்தது வாசல் நிலையில்தான். நிலை வைக்கிற நாளன்று சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டித் தூக்கும்போதுதான் கொத்தனார் கவனித்தார். கதவு வந்து உட்காரும் காடி தெருப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் கதவு வெளியே திறக்கும். எங்கள் பக்கம் வாசல் கதவு உள்ளேதான் திறக்கும். வெளியே திறந்தால், வருகிற லட்சுமியைக் கதவாலேயே தள்ளிவிடுவது மாதிரியாம். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நல்ல நேரம் முடிய அரைமணிதான் இருந்தது. விட்டால் ஆடி பிறந்துவிடும். அப்புறம் ஆவணி வரைக்கும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில்தான் குடித்தனம்.

இவர் தேங்காய் எடுக்கப் போயிருந்த சமயம் பார்த்து, நிலையைத் திருப்பி வைத்துவிடுங்கள் என்று கொத்தனாருக்குக் கண்ணைக் காட்டினேன். திருப்பிக்கொண்டிருக்கும்போதே இவர் வந்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னை மண்குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"குவெட்டாவுல அன்னிக்கு நான் அடுப்புப் பத்தவைக்க வெளிய வந்துட்டேன். பூமி ஆடுனதும் உள்ள படுத்திருந்த அஞ்சு பேரும் ஒண்ணாக் கதவுல வந்து விழுந்துட்டாக. அது உள்ள தெறக்குற கதவு. அவுகளுக்கு இழுக்க எடமில்ல. நான் வெளிய இருந்து தள்ளித் தள்ளிப் பாத்தேன். தம்பி என்னயத்தான் கூப்பிட்டான். அப்புறம் கூரை விழுந்துருச்சு."

தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதான் அதுவரை எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஊரோடு சேர்ந்து சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

கொத்தனாரிடம் போய், முன்பு இருந்த மாதிரியே வையுங்கள் என்றேன். அவர் மறுபடி லட்சுமியை இழுத்தார்.

"அவுக எப்பிடி வேணாலும் வரட்டும்ணே. என் வீட்டு ஆளுக வெளிய போகணும்."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். என் சித்தப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். போகட்டும், பாயசம் மிச்சம்.

மாமியார்தான் விடவில்லை. கதவைத் தொடும்போதெல்லாம், இது ஏன் இப்படி என்று கேட்பார். வடக்கே எல்லாம் இதுதான் மோஸ்தர் என்று சொல்லிவைத்தேன். சின்ன மகன் வலி தெரியாமல் உறக்கத்தில் போனான் என்ற ஆறுதலோடுதான் அவர் கடைசிவரை அந்தக் கதவைத் திறந்து மூடினார்.