ரூபினிக்கு ஓர் அமைதி அறை

ரூபினிக்குக் கை நீளம். திருட்டுக் கையைச் சொல்லவில்லை. பெரிய மெத்தை விரிப்பை அவள் அளவுக்கு விரித்துப் பிடிக்க ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் சலவைக் கூடத்தில் வேறு ஆள் கிடையாது. ஹோட்டல்களிலிருந்து வரும் அந்த விரிப்புகளை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். பல வருஷமாக அவளுக்கு ஜோடி நான்தான், லெட்சுமி. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பார்கள். சொல்பவர்களுக்கு வேறு வேலை இல்லை.

போன வருஷம் ரூபினிக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மூச்சு முட்டும், கை நடுங்கும், இதோ செத்துப்போகப் போகிறோம் என்றே தோன்றுமாம். இதயத்தில் கோளாறு இல்லை, மனப்பதற்ற நோய் என்று சொன்ன டாக்டர் மருந்து கொடுத்து இரண்டு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்த இரண்டு மாதமும் எனக்கு ஜோடியாக வந்தவர்கள் மடித்ததையெல்லாம் நான் மறுபடி மடித்தேன். அதை விடுங்கள்.

திரும்பி வந்தவள் முதலாளி பழனியப்பனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. படபடப்பு வந்தால் சத்தமில்லாத இடத்தில் பத்து நிமிஷம் தனியாக உட்கார வேண்டும். பிறகு வேலையைப் பார்ப்பாள். நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டார்.

“இந்த மாசம் பாப்போம்மா. சரிப்பட்டு வரலைன்னா வீட்டுலயே இருந்து ஒடம்ப பாத்துக்க,” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ரூபினிக்கு வீட்டில் இருப்பதுதான் பயம். சுங்கை பினாங் அடுக்குமாடியில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு இன்னும் கெட்டுப்போகிறது என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

பழைய தலையணை உறைகள் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தோம். அங்கே ஆரம்பித்தது கூத்து. லாரி ஓட்டும் பஷீர் அண்ணே மீன் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மீனைப் பார்த்தால் மனசு அடங்குமாம். தொட்டியின் மோட்டார் போட்ட இரைச்சலில் மீனுக்கே தூக்கம் வந்திருக்காது. இஸ்திரி போடும் மலாய்க்காரி ரோஹானா, உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கரிப்பாப்பைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். முதலாளி தன் பங்குக்கு ஒரு ரேடியோ. நான் முருகன் படம் மாட்டினேன். அதில் தப்பில்லை, முருகன் பேசமாட்டார்.

ரூபினி உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், ஒவ்வொருவராகக் கதவைத் திறப்போம். ஒருத்தர் கஷ்டப்பட்டால் நம் ஆட்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஊட்ட வேண்டும், விசாரிக்க வேண்டும்.

“சாப்டியா தங்கச்சி?” என்று நான் கேட்பேன்.

“ரூபினி, ஓக்கேவா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் ரோஹானா எட்டிப் பார்ப்பாள்.

“மூச்ச நல்லா இழுத்து விடும்மா. என் மச்சானுக்கும் இப்படித்தான்லா,” என்று பஷீர் அண்ணே மச்சான் கதையை ஆரம்பிப்பார்.

பத்து நிமிஷம் அரை மணியானது. வெளியே வரும்போது அவள் முகம் முன்னைவிட வெளுத்திருந்தது. “பாவம், அந்தப் புள்ளைக்கு இந்த வேலை ஒத்துக்கல,” என்று முதலாளி சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு நாள் அந்த அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். ரோஹானா விசிறினாள், அண்ணே மீனுக்குத் தீனி போட்டார், நான் கரிப்பாப்பை அவள் வாயருகே நீட்டினேன். ரூபினி எழுந்து நின்றாள்.

“எல்லாரும் வெளிய போங்க! அமைதி ரூம்னு சொல்லிட்டு இங்க பசார் மாலாம் கணக்கா ராத்திரிச் சந்தை நடத்துறீங்களா?”

திரும்பி வந்த நாளிலிருந்து முணுமுணுப்பைத் தாண்டாத குரல், அன்று இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. “அல்ஹம்துலில்லாஹ்! பழைய ரூபினி வந்துட்டா!” என்று அண்ணே கைதட்டிச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அவளே சட்டம் போட்டாள். “நான் துணிய வச்சிட்டு உள்ள போனா யாரும் பின்னால வராதீங்க. எதுவும் கேக்காதீங்க. நானே வருவேன்.” மீன் தொட்டியும் ரேடியோவும் முதலாளியின் அறைக்குப் போயின. கரிப்பாப் தேநீர் நேரத்துக்கு மாறியது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாதக் கடைசியில் முதலாளி கூடத்தின் நடுவில் வந்து நின்றார். அந்த ஒரு மாதக் கெடுவுக்கு முடிவு சொல்ல வந்திருக்கிறார் என்று ரூபினிக்குத் தெரியும். தெரிந்ததாலேயே படபடப்பு வந்துவிட்டது. விரிப்பை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரோஹானா ஓர் அடி எடுத்து வைத்தாள். பஷீர் அண்ணே துணிக்கூடையைத் தள்ளி மறித்தார்.

“யாராச்சும் போய் பாருங்களேன்,” என்றார் முதலாளி.

“வேணாம் பாஸ். அவளே வருவா,” என்றேன்.

பத்து நிமிஷத்தில் வந்தாள். “அக்கா, ஏன் சும்மா நிக்கிறீங்க? லாரி கெளம்பிரும்லா,” என்று மூலையைப் பிடித்தாள். உதறினோம், சேர்த்தோம், நடந்தோம். குவியல் மளமளவென்று குறைந்தது. முதலாளியின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை அணைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

“அந்த ரூமு இனி உனக்கு எப்பவும் இருக்கும்மா,” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “நீ இல்லாத நேரத்துல நானும் அங்க கொஞ்சம் உக்காந்துக்கவா?”

ரூபினி முகமெல்லாம் சிரிப்பாக அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

“உக்காருங்க பாஸ். யாரும் எதுவும் கேக்க மாட்டோம்.”