உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் தலைமுழுக்கு

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தலைக்கு எண்ணெய் வைக்காமல் பம்புசெட்டில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு தெருவில் நடந்து வந்தால், பார்க்கிறவர்கள் "இன்னா?" என்று கேட்கமாட்டார்கள். "யாரு?" என்றுதான் கேட்பார்கள். செத்தது யார் என்று அர்த்தம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் அப்படி நடந்து வந்தபோது எதிர்வீட்டு அம்மாவும் அதையேதான் கேட்டாள். அவர் அவளைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்குங்க முழுகிட்டு வர்றீங்க?" என்றேன்.

"நீ பெத்தியே ஒருத்தன, அவனுக்குத்தான்."

கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தான். அன்று காலையில்தான் போனில் முகத்தைக் காட்டிப் பேசியிருந்தான்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தவள் இல்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கினவர். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை செய்தேன். வேலையில் இருக்கும்போதே வலி கண்டு, அந்த ஊரிலேயே ஒரு மருத்துவச்சியம்மா வீட்டில் இவனைப் பெற்றேன். சின்ன வயதிலிருந்தே இவனுக்குப் பட்டாள ஆசை. விடியற்காலையில் கூட்டேரிப்பட்டு ரோட்டில் வேர்க்க வேர்க்க ஓடுவான். ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனான். நிற்கும்போது முட்டி இரண்டும் இடிக்கிறது, இந்தக் கால் பட்டாளத்துக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு புதுச்சேரியில் ஓட்டல் வேலை, அங்கே கற்றுக்கொண்ட கொஞ்சம் பிரெஞ்சு, சமையல்காரனாகப் பிரான்சுக்குப் பயணம். அந்த நாட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிற ஒரு படை இருக்கிறதாம். அதில் சேர்ந்துவிட்டான். இங்கே ஆகாது என்று தள்ளிய அதே முட்டியோடு அங்கே மலையெல்லாம் ஏறி இறங்கினான். பனியில் நின்றான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வருஷக்கணக்கில் அப்படி உழைத்த பிறகுதான், நீயும் இந்த நாட்டுக் குடிமகன் என்று அவர்கள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். படை வரிசையில் நிற்கவைத்து, பாட்டுப் பாடிக் கையைக் குலுக்கினார்களாம். அதைச் சொல்லத்தான் அன்று காலையில் போன் செய்தான். இரண்டு நாட்டுக்கு ஒரே ஆள் சொந்தமாக இருக்க நம் சட்டத்தில் இடமில்லை, அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான். லீவில் வருவதாகவும் சொன்னான். சொந்த வீட்டுக்கு வர விசா வாங்க வேண்டுமாம். அதற்கே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். அவரும் நல்லபடியாகத்தான் பேசினார். பேசிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீக்கடையில் என் கொழுந்தனார் இருந்தார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். தாலுக்கா ஆபீசில் மற்றவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறவர் என்பதால் அவர் சொன்னால் எங்கள் காலனியில் மறுபேச்சு இல்லை. அவர் சொல்லியிருக்கிறார்: "பாஸ்போர்ட்டுல கடைசிப் பக்கத்துல இன்னா இருக்குது? அப்பா பேரு, அம்மா பேரு. அத்தத் திருப்பிக் குடுத்தா இன்னா அர்த்தம்? நீ எனக்கு அப்பன் இல்லன்னு எழுதிக் குடுத்த மாதிரிதாண்ணே. நாட்டையும் வித்துட்டான், உன்னையும் வித்துட்டான்."

இந்த மனிதர் அதை நம்பி, நேராகப் பம்புசெட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்துவிட்டார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து போன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். "அப்பா எங்கம்மா?" என்று பிள்ளை கேட்பான். கடைக்குப் போயிருக்கிறார், மேல்மலையனூருக்குப் போயிருக்கிறார் என்று ஏதாவது சொல்வேன். அவன் வந்தால் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். பிள்ளையோ டிக்கெட் எடுத்துவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. அப்பனுக்கு என்று சட்டை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டேரிப்பட்டு டீக்கடைக்கு நடந்தேன். அந்தக் கடைக்கு எதிரில் நடக்கும்போதுகூட நான் தலையைத் தூக்கியவள் இல்லை. பெஞ்சில் கொழுந்தனாரும் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா அண்ணி, அதிசயமா கடைப்பக்கம்? டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். ஒண்ணு கேக்கணும். உன் பொண்ண விழுப்புரத்துல கட்டிக்குடுத்தியே, கல்யாணமானதும் அவ பேர ரேஷன் கார்டுலருந்து எடுத்தியா இல்லியா?"

"எடுக்காம? எடுத்தாத்தானே மாமியார் ஊட்டு கார்டுல சேத்துக்குவான்?"

"எடுத்துட்டு வந்து தலை முழுகினியா?"

கடையில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டியது.

"அது வேற, இது வேற அண்ணி. பொட்டப்புள்ள இன்னொரு ஊட்டுக்குப் போறது உலக வழக்கம்."

"போன ஊட்டுல பேரு சேந்துச்சேன்னு மேளம் அடிச்சு சோறு போட்ட. எம் புள்ளைக்கும் போன எடத்துல பேரு சேந்துச்சு. அதுக்கு இன்னாத்துக்குய்யா கருமாதி? நாட்ட வித்துட்டான்னியாமே, எங்ககிட்ட விக்கறதுக்கு ஒரு காணி நெலம் இருந்துச்சா? நாட்டுக்காகத்தான் அவன் மொதல்ல ஓடினான். முட்டி இடிக்குதுன்னு அனுப்புனாங்களே, அன்னிக்கு யாராவது ஒருத்தர் ஏன்னு கேட்டீங்களா?"

  பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"உங்களத்தான். எங்கப்பா பேரு இன்னிக்கு எனக்கு எந்த கார்டுல இருக்குது? எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்குது. அதுக்காக எங்கப்பா என்ன முழுகிட்டாரா? சாகற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கலு சீர் எடுத்துகினு நடந்தே வந்தாரு."

அவர் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுக்குப் போ" என்றார், மெல்ல.  நானும் வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். வெட்கத்தில் இல்லை. எனக்காக ஒரு நாளும் இப்படிப் பேசாதவள், இத்தனை பேசத் தெரிந்தும் இத்தனை காலம் சும்மா இருந்தேனே என்ற ஆத்திரத்தில்.

அதற்குப் பிறகும் அவர் போனை எடுக்கவில்லை. சோறு கிடையாது என்று சொன்னதைத் திரும்பச் சொல்லவும் இல்லை.

பிள்ளை வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து "யப்பா" என்றான். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்க, அந்தப் புது பாஸ்போர்ட்டக் காட்டு" என்றார்.

அவன் எடுத்துக் கொடுத்தான். இவர் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முன்பக்கம் புரட்டினார். மறுபடியும் பின்பக்கம் புரட்டினார்.

"எம் பேரு எங்கடா?"

"அந்த ஊர்ல அப்பா அம்மா பேரு யாருக்குமே போட மாட்டாங்கப்பா. என் பேரு, பொறந்த ஊரு, அவ்ளோதான். இந்தா பாரு, இங்க."

"இன்னா போட்டுக்கிறான்?"

"திண்டிவனம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "திண்டிவனமா? வலி பட்டது நானு, பேரு திண்டிவனத்துக்கா? அந்த ஊரா உன்னப் பெத்துது? அந்த ஊரா உனக்குப் பாலு குடுத்துது?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். வெகுநாளாக அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை. "அந்த வெள்ளக்காரனையும் டீக்கடைக்கு இட்டுகினு வாடா, உங்கம்மா கேக்கறாளாம்" என்றார். பிறகு நகர்ந்து, கட்டிலில் அவனுக்கு இடம் விட்டார். "சாப்டியா?" என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தேன். செத்தவர்களுக்கு முழுகும்போதுதான் எண்ணெய் கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்கு முழுகிய தலைக்கு எண்ணெய் வைத்தாக வேண்டும்.

"தலையக் குனிங்க" என்றேன்.

எதற்கென்று அவருக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் புரியவில்லை. அவர் குனிந்தார். கிண்ணத்தில் இருந்ததை அப்படியே கவிழ்த்தேன்.

"ஏய், மெதுவா தேய்டி, மண்ட ஒடஞ்சிரும் போலக்கீது."

நான் மெதுவாகத் தேய்க்கவில்லை.