வேலை விஷயம் மட்டும்

சிங்கப்பூரில், தேக்காவிலிருந்து கம்பெனி பஸ் காலையில் ஆறரைக்குக் கிளம்பும். சாங்கியில், விமானத்துக்குச் சாப்பாடு தயார் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. சப்பாத்தியை அடுக்கித் தட்டில் வைக்க வேண்டும். எனக்கு எதிரே நின்று அதே வேலையைச் செய்தவர் என்னைவிட நாலு வயது மூத்தவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வருஷம் பஸ்ஸில் ஒரே சீட்டு. அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு வருவேன். "இந்த ஊமைக்கோட்டான் பக்கத்துல உட்கார்ந்தா ரேடியோ நான்தான் பாடணும்லா" என்பார்.

போன வருஷம் அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. "யார்கிட்டயும் சொல்லிடாத. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். சொல்லவில்லை. ஒரு நாள் அவர் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. சூப்பர்வைசர் நேரே என்னிடம் வந்து "அவங்களுக்கு என்ன?" என்றார். அக்காவைத் திட்டிவிடுவாரோ என்ற பயத்தில், "கை வலி சார், பாவம்" என்றுவிட்டேன்.

மறுநாளே அக்காவை லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும், "வாயே திறக்காதவ, என் விஷயத்துல மட்டும் திறந்துட்டா" என்றார். தினமும் இப்படியே நடந்தது. நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவேன். கடைசியில் ஆபீஸில் எங்கள் இருவரையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார்கள்.

சின்ன அறை. நடுவில் உட்கார்ந்த தமிழ்ப்பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும். "ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் கேக்கணும்மா" என்றார்.

அக்காதான் முதலில் பேசினார். "வேற ரூமுக்கு மாத்தினதுல எனக்குக் கோவம் இல்ல. இவ வந்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு மூணு வாரம் பாத்தேன். பஸ்ல பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தா. சொல்லல."

என் முறை வந்தது. 'மன்னிச்சிடுங்கக்கா' என்று ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல ஒன்னும் இல்லம்மா" என்றேன்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி. இனிமே வேலை விஷயம் மட்டும் பேசிக்கலாம். அப்படியே எழுதுங்க."

அந்தப் பெண் உடனே எழுதிவிடவில்லை. "உங்களுக்குச் சம்மதமாம்மா? மனசுல வேற ஏதாவது இருந்தா இப்ப சொல்லலாம்" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. நான்தான் தலையாட்டினேன். தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு சண்டையே இல்லை. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். அக்கா பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நாலு மாசம் வேலைக்குப் போனேன்.

கை சரியாகாமல் அக்கா வேலையை விட்டார். கடைசி நாள், சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் உடை மாற்றும் அறையில் அவர் தனியாக இருந்தார்.

"அக்கா."

"வேலை விஷயமா?"

குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு, ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமா... லேபிள் ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போகணுமாம்" என்றேன்.

"குடுத்தாச்சு."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு செருப்பையும் மாட்டி, பையை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார்.