பெரியப்பு செத்திருந்த பத்து நாள்

அன்று கடைக்குள் நின்றவர்கள் நான்கு பேர். பணப்பெட்டிக்கு முன்னால் முதலாளி. துணி மடித்துக்கொண்டு செல்லத்துரை. சீத்தைத் துணி பார்க்க வந்த ஒரு சிங்கள மனுசி. வாசற்படியில் நான்.

அந்த மூன்று பேருக்கும் முன்னால், உயிரோடிருந்த ஒரு மனிதரை நான் சாகடித்தேன். வாயால் சாகடித்தேன். கத்தியால் செய்திருந்தால் மறியல் சிறையாவது கிடைத்திருக்கும்!

எதற்காக? பத்து நாள் லீவுக்காக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! நீங்கள் மாத்தறையில் ஒரு துணிக்கடையில் நின்றதில்லை. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு உங்களை ஒருவரும் ஊர்காவற்றுறையிலிருந்து அனுப்பியதில்லை. விடிய முன் கடை திறந்தால், தெரு அடங்கும்வரை நின்றபடிதான். உட்காரக் கதிரை முதலாளிக்கு, வாங்குப் பலகை வருபவர்களுக்கு. எங்களுக்குச் சுவரில் சாயவும் உரிமையில்லை. ஒருவர் வாங்காமல் படியிறங்கினால், "விட்டிட்டியே, எருமை!" என்று பின்னாலே குரல் வரும்.

மூன்றாம் வருசம் எனக்கு முகம் நொந்தது. ஓம், முகம்! சிரித்துச் சிரித்து நொந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. துணியைத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கிற கையைக் கண்டால் அந்தக் கையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒருநாள் அளந்துகொண்டிருக்கையில் எவ்வளவு அளந்தேன் என்பது மறந்துபோயிற்று. திரும்ப அளந்தேன். திரும்ப மறந்தது. கண்ணீர் வந்துவிட்டது... தலை பிழைத்துவிட்டதோ? நாளைக்கு இன்னும் கூடுமோ? தெருவில் பைத்தியமாய் நிற்கப்போகிறேனோ? நான் சும்மாவே யோசித்து யோசித்துச் சாகிற ஆள்.

முதலாளி அந்நியரில்லை. தகப்பனாரின் ஒன்றுவிட்ட தம்பி. ஊரில் சின்னையா, கடைப்படி ஏறினால் முதலாளி. அந்தப் பொய்க்கு முதல்நாள் வேண்டுமென்றே முறை சொல்லிக் கூப்பிட்டேன்.

"சின்னையா, களைச்சுப் போனன். ஒரு பத்து நாள் ஊருக்குப் போட்டு வாறன்."

"ஊருக்கோ? ஏன், ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. எனக்கு ஏலாமக் கிடக்கு."

"ஏலாதெண்டால் மல்லித்தண்ணியைக் குடி. செத்தவீட்டுக்கு லீவு தரலாம். களைப்புக்கு லீவு தர நானென்ன வெள்ளைக்காரத் துரையோ? அதோடை செல்லத்துரையின்ர கலியாணத்துக்கு நானும் போறன். கடையை ஆர் பாக்கிறது? நீதான்!"

தனியே! அந்தக் கடையில் நான் தனியே...

இரவு செல்லத்துரை பகிடி விட்டான். அவனும் எங்கள் வழியில் ஒருவன், எனக்குத் தம்பி முறை. "பேசாமல் ஆரையாவது சாகச்சொல்லி ஊருக்கு எழுதன் அண்ணை!"

அடுத்த நாள் துணிப்பொதி எடுக்க ரயிலடிக்குப் போனேன். திரும்பி வந்து படியில் நின்றேன். தாயைச் சாகடிக்க நா எழவில்லை. பெண்சாதி பிள்ளை இல்லாமல் அனலைதீவில் தனியே புகையிலைத் தோட்டம் செய்த பெரியப்புவைத் தேர்ந்தேன். சோளகக் காற்றுக் காலம், தோணி ஓடாது, விசாரிக்க ஆளில்லை. எவ்வளவு நுட்பமான மூளை! களைத்த மூளையாம்!

"ரயிலடியிலை ஊராள் ஒருத்தனைக் கண்டனான். அனலைதீவுப் பெரியப்பு செத்திட்டாராம். கடைசித் தோணியிலை வந்த செய்தியாம்."

"அனே!" என்று இரங்கி அந்தச் சிங்கள மனுசி துணியைக் கீழே வைத்தாள்.

முதலாளி பணப்பெட்டியை மூடினார். "துடக்கு வந்திட்டுதே... நீ பத்து நாள் போட்டு வா. செல்லத்துரை, முப்பத்தொரு நாளைக்குத் தாலி கட்ட ஏலாது. பெண்வீட்டுக்குத் தந்தி அடி."

எங்கள் பக்கத்து ஊர் நாரந்தனையில் பாக்கியம் என்ற பெண்ணுக்கும் செல்லத்துரைக்கும் அடுத்த கிழமை கலியாணம். பெரியப்பு எங்கள் மூவருக்கும் ஒரே வழி. அவர் செத்தால் எங்கள் மூவருக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது ஞாபகம் வரவில்லையா? அல்லது... கேட்காதீர்கள்! அந்தக் கேள்வியை என்னிடம் நீங்கள் கேட்கத் தேவையில்லை.

அந்த இடத்திலேயே 'பொய்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்! செல்லத்துரை தன் தகரப்பெட்டியைத் திறந்து என் கையில் காசு வைத்தான்.

"பெரியப்புக்கு ஆருமில்லை அண்ணை. அந்தியேட்டிக் கிரியைக்கும் நீங்கள் ஒழுங்கு செய்துவிடுங்கோ. கூறைச்சேலைக்குச் சேர்த்த காசு. இனி இப்ப எனக்கு எதுக்கு?"

வாங்கினேன்.

ஊரில் அம்மாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவ தலையிலடித்து அழுதா. நான் நித்திரை கொண்டேன். வெட்கமில்லாத நித்திரை! சோறு ருசித்தது. என் உடம்பு கேட்டதெல்லாம் இவ்வளவுதான்! இதைத் தர அந்த முதலாளிக்கு ஒரு பிரேதம் வேண்டியிருந்தது!

ஆறாம் நாள் மத்தியானம் படுத்திருந்த பாயிலேயே மேளம் கேட்டது.

"பாக்கியத்துக்குக் கலியாணம்," என்றா அம்மா. "தேப்பன் போட்ட பந்தலைப் பிரிக்கமாட்டனெண்டு நிண்டிட்டான். புரட்டாதி பிறந்தால் கலியாணமில்லை, பிறகு எப்பவாம்? மலாயாவிலை இருந்து லீவிலை வந்த ஒரு பெடியன் அம்பிட்டான்."

லீவில் வந்தவன்! அவனுக்கு லீவு கொடுக்க ஒரு துரை இருந்தான்!

எழுந்து ஓடியிருந்தால் தாலி ஏறுமுன் போய்ச் சேர்ந்திருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இதுதான் என் குற்றம். பொய்யைக்கூடக் களைப்பின் மேல் போடலாம். ஆறு நாள் நித்திரை கொண்டு தெளிந்த மனிதன் திரும்பிப் படுத்ததை எதன் மேல் போடுவது?

பத்தாம் நாள் காற்று ஓய்ந்தது. வேலிப் படலையில் ஒரு கட்டு வெங்காயத்தோடு பெரியப்பு நின்றார்.

"இவ்வளவு நாளும் தோணி விடேல்லை. பெடியன்ர கலியாணம் முடிஞ்சுதோ?"

அம்மா வீரிட்டுக் கத்தினா. விசயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ஆரடா என்னைச் சுட்டது? எனக்குச் சுடவேயில்லையே!" பாக்கியத்தின் கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. வெங்காயத்தை நிலத்தில் வைத்தார். "ஆர் அந்தச் செய்தி சொன்னவன்?" என்று என்னையே கேட்டார்.

"ரயிலடியிலை ஒருத்தன்..."

கடைக்குத் திரும்பி, பெரியப்பு உயிரோடிருக்கிற செய்தியைச் சொன்னேன். சாவில்லாத லீவுக்குச் சம்பளமில்லை என்று முதலாளி பத்து நாளை வெட்டினார். வெட்டட்டும்! செல்லத்துரை ஒன்றுதான் கேட்டான்: "செய்தி சொன்னவன்ர முகம் எப்பிடி அண்ணை?"

"நெத்தியிலை ஒரு தழும்பு," என்றேன். இல்லாத மனிதனுக்கு முகமும் கொடுத்தேன்! அன்றிலிருந்து ஊரார் யார் கடைக்கு வந்தாலும் செல்லத்துரை முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறான். அவன் கலியாணம் கட்டவில்லை. இப்போது மலாயா ஜப்பான்காரன் கையில். கட்டினவனோடு அங்கே போன பாக்கியத்திடமிருந்து ஒரு கடிதமும் இல்லை என்று அவள் தாய் தபாற்கந்தோர் வாசலில் அழுகிறாளாம். அதையும் அவன்தான் எனக்குச் சொன்னான், துணி மடித்தபடி.

கூறைக் காசை ஊரிலிருந்து திரும்பிய அன்றே அவனிடம் நீட்டினேன். "வைச்சிருங்கோ, பெரியப்பு ஒருநாள் சாகத்தானே வேணும்," என்றான்.

போன மாசியில் பெரியப்பு உண்மையாகவே செத்தார். முதலாளி தாமாகவே கூப்பிட்டு, "லீவு வேணுமோ?" என்றார். வேண்டாமென்றேன். அவருடைய அந்தியேட்டிக்கு அந்தக் காசை அனுப்பவும் கை வரவில்லை. செல்லத்துரையிடம் கொடுக்கவும் வரவில்லை... கொடுத்தால் அவன் என் நெற்றியைப் பார்ப்பான்.

என் பெட்டியின் அடியில் கிடக்கிறது. நான் அவனுக்குக் கொடுக்கவேண்டியது, பதினைந்து ரூபா.