சூடு சொல்லும் பெட்டி

கடை வாசலில் எங்கள் காரைச் சுற்றி நின்றவர்கள்: நான். என் மனைவி. அவள் தம்பி, என் மச்சான். கோலா பிலா ஸ்பேர்பார்ட் கடை முதலாளியான சீனத் தவுக்கே. தவுக்கே எங்கள் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மனைவிக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் ஆப்பரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. தேதி கிடைக்க மாதக் கணக்கில் காத்திருந்தோம். தவறினால் மறுபடி வரிசையின் கடைசி.

கார் பழசு. போன வாரம் சிரம்பான் போகும் வழியில் மலை ஏறும்போது எஞ்சின் லைட் எரிந்தது. சூட்டு நெடி வந்தது. இந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது. பட்டறைக்காரர் ஆப்பரேஷனுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமைதான் வரச் சொன்னார். விடியற்காலையில் தோட்டத்துக்குள் வாடகைக் கார் வராது. என்ன பழுது என்று நாங்களே பார்த்துக்கொள்ள ஒரு ஸ்கேனர் வாங்க வந்தோம்.

தவுக்கே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஸ்கேனரைச் செருகினார். எஞ்சினை ஓட விட்டார். பழுது இல்லை என்று காட்டியது.

“லைட் எரிஞ்சிச்சின்னு சொன்ன?”

“இப்ப எரியல தவுக்கே,” என்றான் மச்சான். “காலையில பேட்டரி வயர கழட்டி வெச்சேன். மத்தியானம் மாட்டினேன். அணைஞ்சிருச்சி.”

தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். லைட் எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றுவோம். அணைந்தால் சரியாகிவிட்டது என்போம்.

தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். “நோயாளி வாய பொத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கான் பாரு. என்ன நோவுன்னு உள்ள பதிஞ்சி இருந்திருக்கும். நீ அழிச்சிட்ட லா.”

“திரும்ப எப்பத் தெரியும்?” என்றேன்.

“மறுபடி லைட் எரியணும். மலையிலதான் எரியும்.”

தவுக்கே கடைக்குள் போய்த் திரும்பினார்.

“சூட்டயாவது பாத்துக்கிட்டே போ,” என்றார். “நூத்தி அஞ்சு டிகிரி தாண்டுனா நிறுத்திரு. மீறி ஓட்டுன, எஞ்சின் போச்சி.”

மூன்று ஸ்கேனர் எடுத்து வைத்தார். ஒன்று கட்டைவிரல் அளவு. சூட்டைப் போனில்தான் பார்க்க வேண்டும். அதுதான் மலிவு. அடுத்தது வயர் வைத்தது. பழுதைப் படிக்கும், அழிக்கும். சூடு காட்டாது.

“அழிக்கறதுக்குத்தான் இவன் இருக்கானே,” என்றாள் மனைவி. மச்சான் தரையைப் பார்த்தான்.

நான் மலிவானதைக் கையில் எடுத்தேன். பிறகுதான் யோசித்தேன். வளைவு வளைவான ரோடு. நான் போனைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவள் அவள்தான். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“பொகையா இருக்குங்க.”

மூன்றாவதைத் தவுக்கே காரின் முன் கண்ணாடிக்கு அடியில் வைத்து வயரைச் செருகினார். சிறு பெட்டி. சிவப்பில் பெரிய எண்கள்.

“எம்பத்தி ஒம்பது,” என்றாள் உடனே.

அதுதான் விலை அதிகம். நூற்று நாற்பது வெள்ளி. கொடுத்தேன்.

விடியும் முன் கிளம்பினோம். மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். ரேடியேட்டரில் ஊற்றத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தோம்பு அவனிடம். பெட்டியை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். எஞ்சின் சூடு ஏறுமே என்று ஏர்கோன் போடவில்லை. மலை தொடங்கியது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. முந்த இடமில்லை.

“தொண்ணூத்தி நாலு,” என்றாள். “தொண்ணூத்தி ஒம்பது.”

லோரி ஊர்ந்தது.

“நூத்தி ரெண்டு. நூத்தி நாலு.”

ஒரு வளைவு போனது.

“எவ்வளவு?”

“நூத்தி நாலு.”

இன்னொரு வளைவு.

“இப்ப?”

“நூத்தி நாலுதாங்க. ரோட்ட பாத்து ஓட்டுங்க.”

இனிப்பாக ஒரு நெடி வந்தது. ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும் நெடி. கையை நீட்டிப் பெட்டியை என் பக்கம் திருப்பினேன். நூற்று ஒன்பது.

ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். பெட்டி அணையாமல் இருக்கச் சாவியை மட்டும் திருகி வைத்தேன். எண் இன்னும் ஏறியது. நூற்றுப் பதினொன்று.

மச்சான் ஓடி வந்தான். “மாமா, மூடிய தொறக்காதீங்க! மூஞ்சில அடிச்சிரும்! அக்கா, நீ பாத்து சொல்லலியா?”

அவள் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தாள். வானம் வெளுத்தது. லோரி மேலே மறைந்துவிட்டது.

“நின்னா நேரம் போயிரும்,” என்றாள் கடைசியில். “வரிசையில பின்னாடி தள்ளிருவாங்க. இன்னொரு வருசம் தடவித் தடவிச் சமைக்க என்னால முடியாது.”

“எஞ்சின் போனா நடந்தா போவ?” என்றேன்.

“போவேன்.”

பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தேன். அவள் எண்ணைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம். எண் இறங்க வெகு நேரம் பிடித்தது. எண்பதுக்குக் கீழே வந்த பிறகு துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். பாதித் தோம்புத் தண்ணீரைக் குடித்தது.

மச்சான் அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். கண் சரியாகத் தெரியாதவளை மலை இறக்கத்தில் மோட்டாரில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காரிலேயே போனோம். உச்சி வரை நடை வேகம். அதன் பிறகு இறக்கம். இப்போது நான் கேட்காமலே அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டருக்குப் போனபோது மணி எட்டு தாண்டியிருந்தது. தாதி கடிகாரத்தைப் பார்த்தாள். என் மனைவியின் கண்ணைப் பார்த்தாள். இன்றைய ஆப்பரேஷன் வரிசைக்கு நம்பர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

இருபத்து மூன்று.