மிஸ் பண்ணுறன்

தொலைபேசி றிசீவரில் எப்போதும் ரோஜாப் பவுடரின் மணம் இருக்கும். காதில் வைத்தவுடன் அந்த மணமும், கடல் இரைவது போன்ற ஒரு சத்தமும், அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் அப்பாவின் குரலும் சேர்ந்து வரும். பவுடர் வீட்டுக்கார அன்ரியுடையது. இரைச்சல் கனடாவுடையது என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், அன்ரி வீட்டின் பின் அறையை வாடகைக்கு எடுத்து நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா முதலில் போவது, பிறகு எங்களைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கொண்டுவந்த பேச்சில் இதற்கெல்லாம் வேறு சொற்கள் இருந்தன. வெளிநாட்டுக்குக் கூப்பிடுவது "எடுக்கிறது", விண்ணப்பிப்பது "எழுதிப் போடுறது", பொலிஸ்காரர் வீதியில் சோதிப்பது "மறிச்சுப் பாக்கிறது". கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த அன்ரியோ கேட்டை "லொக் பண்ண"ச் சொல்வார், தண்ணீரை "வேஸ்ட் பண்ண" வேண்டாம் என்பார், எங்கள் அறைக்கு வந்து எட்டிப் பார்த்து, "ஹஸ்பண்ட் ஸ்பொன்சர் பண்ணிட்டாரா?" என்று கேட்பார்.

எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் படித்த எந்த ஆங்கில வினையையும் ஒரு பெயரைப் போலப் பிடித்து "பண்ணு"வுக்கு முன்னால் இருத்திவிட்டால் அது எங்கள் பேச்சாகிவிடும். யார் செய்தார், எப்போது செய்தார், இனித்தான் செய்வாரா என்ற பாரமெல்லாம் அந்தப் "பண்ணு"வின் தலையில். ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவப் போகையில், "அம்மா, நான் ஈட் பண்ணிட்டன்" என்றேன். அம்மா சிரித்து, "வாயிலை வந்தபடி கதைக்காதை. சாப்பிட்டன் எண்டு சொல்ல உனக்கு என்ன கேடு?" என்றார். அந்த அறையில் அம்மா வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒருமுறைதான்.

ஞாயிறு காலைகளில் அப்பாவின் அழைப்பு வரும். தொடக்கத்தில், "கெதியிலை உங்களை எடுத்துப்போடுவன்" என்பார். பிறகு பிறகு அவருடைய பேச்சும் அன்ரியின் பேச்சைப் போலாகிவிட்டது. லோயர் ஃபைல் பண்ணியிருக்கிறார், அவங்கள் புரொசெஸ் பண்ணுறாங்கள், கொஞ்சம் வெயிட் பண்ணுங்கோ. அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு, அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கருத்துக் கேட்பார். அகராதி பார்க்காமலே சொல்வேன் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

ஒரேயொரு முறை நான் அம்மாவிடம் கேட்க வேண்டியதாயிற்று. அன்று அப்பா என்னோடு கதைக்கையில் குரல் தழுதழுத்து, "அப்பா உங்களை நல்லா மிஸ் பண்ணுறன், குஞ்சு" என்றார். அப்படியென்றால் என்னம்மா என்றேன். அம்மா அன்ரியின் பேச்சில் கேட்டதை வைத்துச் சொன்னார்:

"விடுறது, பிள்ளை. பஸ்ஸை விட்டிட்டம் எண்டு சொல்லுவமே, அதைத்தான் இவை மிஸ் பண்ணிட்டம் எண்டுவினம்."

எங்களை விட்டுவிடுவதை அப்பா ஏன் அவ்வளவு அன்பாகச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் அழைப்புகள் குறைந்தன. ஞாயிறு தவறாமல் குளித்து, நல்ல சட்டை போட்டு, அன்ரியின் கூடத்தில் போனுக்குப் பக்கத்தில் கதிரை நுனியில் இருந்துவிட்டுத் திரும்புவோம். கடைசியாக வந்த அழைப்பில் அம்மா அவரைச் சுகம் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எங்களை எடுப்பீங்களோ, மாட்டீங்களோ?"

"ட்ரை பண்ணிக்கொண்டுதானே..."

"அந்தக் கதை வேண்டாம். தமிழிலை சொல்லுங்கோ."

நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டி நின்றேன். இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அப்பா சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு இஞ்சை ஒரு குடும்பம் இருக்கு. பிள்ளையும் பிறந்திட்டுது."

அம்மா றிசீவரை மெல்ல வைத்தார். குசினியிலிருந்து அன்ரி கையைத் துடைத்தபடி வந்து, "என்னவாம்? ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"றிஜெக்ட் பண்ணிப்போட்டினம், அக்கா."

அம்மாவின் வாயில் அப்படியொரு பேச்சு வந்தது அன்றைக்குத்தான். யார் என்று அன்ரி கேட்கவில்லை. எம்பசி என்று நினைத்து, அம்மாவின் தோளைத் தடவி, "திரும்ப அப்ளை பண்ணலாம், கவலைப்படாதீங்கோ" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சண்டையால் ஊருக்குத் திரும்பப் பாதை இல்லை. அம்மா கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்து என்னைப் படிப்பித்தார். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் அதே மறுமொழிதான். எனக்குக்கூட அவர் வேறொன்றும் சொன்னதில்லை. அன்று போனில் என் காதிலும் விழுந்ததை அவர் அறிவார், அவர் அறிவதை நானும் அறிவேன், அப்படியே முப்பது வருடத்துக்குமேல் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம்.

அன்ரியின் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் அதில் பல. நான் பாமன்கடைப் பகுதியில் இருக்கிறேன், பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன், நாள் முழுவதும் "மார்க் பண்ணி", "செக் பண்ணி", "சைன் பண்ணி" முடித்துவிட்டுப் பொழுதுபட வீடு வருகிறேன். போன மாரியில் அம்மா காலமாகிவிட்டார். முன்பெல்லாம் நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "வந்திட்டியோ?" என்று கேட்பார். முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கும், நான், என் வருகை, அவர் அதுவரை வழி பார்த்திருந்தது எல்லாம். இப்போது கதவைத் திறந்து, லைற்றைப் போட்டு, செருப்பைக் கழற்றுகிறேன். ஒருவரும் கேட்பதில்லை. வந்திட்டன் என்று சொல்ல எனக்கும் ஆளில்லை.